பயணப் பையில் எந்தக் கருவிகள்? காசி ரயிலிலிருந்து அமெரிக்க விமானம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

காசியில் தசாசுவமேத படித்துறை எதிரே படகில் உட்கார்ந்திருந்தோம். ஆரத்தி தொடங்க இன்னும் பத்து நிமிடம். படகுக்காரர் கூலிக்காக க்யூஆர் அட்டையை நீட்டினார். என் போன் காலையிலேயே அணைந்திருந்தது. மனைவியின் போன் இரண்டு சதவீதத்தில் துடித்துக்கொண்டிருந்து, செயலியைத் திறந்ததும் கண்ணை மூடியது. பையில் டேப்லெட் இருந்தது, கேமரா இருந்தது, புளூடூத் ஸ்பீக்கர்கூட இருந்தது. எதனாலும் அந்தக் கூலியைக் கொடுக்க முடியவில்லை. அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, நாலாக மடித்த நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

அன்றிரவு தங்கும் விடுதியில் உட்கார்ந்து யோசித்தபோது காரணம் புரிந்தது. சென்னையிலிருந்து ரயிலில் இரண்டு இரவுகள். எங்கள் படுக்கைப் பகுதியில் வேலை செய்த சாக்கெட் ஒன்றே ஒன்று. அதை எட்டுப் பேர் பங்கிட்டுக்கொண்டோம். கருவிகளை ஆசைப்பட்டு எடுத்து வைத்தோமே தவிர, அவற்றுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதன்பிறகு வீட்டில் யார் பயணம் கிளம்பினாலும் நான் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

முதல் படி: இரவுகளை எழுதுங்கள்

பெட்டியைத் திறக்கும் முன் ஒரு தாள் எடுங்கள். பயணத்தின் ஒவ்வோர் இரவையும் ஒரு வரியாக எழுதுங்கள். எங்கே படுக்கப் போகிறோம், அங்கே எத்தனை சாக்கெட் கிடைக்கும், எத்தனை மணி நேரம் மின்சாரம் இருக்கும், எத்தனை பேர் அதைப் பங்கிடுவோம். இந்த நான்கும் தெரிந்தால் பாதி முடிவுகள் தாமாகவே வந்துவிடும்.

நல்ல ஓட்டல் அறை என்றால் கவலையில்லை. ரயில் வேறு கதை. பழைய பெட்டிகளில் சாக்கெட் பக்கத்தில் 110 வோல்ட் என்று எழுதியிருக்கும். போனுக்கு அது போதும், லேப்டாப்பை நம்பிச் செருக வேண்டாம். சாக்கெட் பெரும்பாலும் கீழ்ப் படுக்கை உயரத்தில் இருப்பதால் மேல் படுக்கைக்காரர் ஒரு மீட்டர் கேபிளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சில ரயில்களில் தீ விபத்தைத் தவிர்க்க இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சார்ஜிங் இணைப்பையே நிறுத்திவிடுகிறார்கள். தூங்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்ற திட்டம் அங்கே பலிக்காது. மூன்றாம் வகுப்பு ஏசி எகானமி பெட்டிகளில் படுக்கைக்கொரு சாக்கெட் தந்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும்போது இதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளலாம்.

லடாக் போகிறவர்கள் இந்தத் தாளை இன்னும் கவனமாக நிரப்ப வேண்டும். லே நகரத்தில் பிரச்சினை குறைவு. பாங்காங், சோ மோரிரி ஏரிக்கரை முகாம்களில் பல இடங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டும்தான் ஜெனரேட்டர் ஓடும். போதாததற்குக் குளிர். லித்தியம் பேட்டரியின் திறன் குளிரில் சுருங்கிவிடும். முப்பது சதவீதம் காட்டிய போன் கர்துங் லா கணவாய் உச்சியில் சட்டென்று அணையும். அது பழுதில்லை. உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் மீண்டும் எழும். இரவில் போனையும் கேமரா பேட்டரியையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள். சில்லிட்டுப்போன பேட்டரியை உடனே சார்ஜ் போடக் கூடாது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

இரண்டாம் படி: வேலைகளை எழுதுங்கள், பிறகு கருவியைத் தேடுங்கள்

தாளின் மறுபக்கத்தில் பயணத்தில் நடக்க வேண்டிய வேலைகளை எழுதுங்கள். பணம் கொடுப்பது, டிக்கெட் காட்டுவது, வழி பார்ப்பது, வீட்டோடு பேசுவது, படம் எடுப்பது, குழந்தையைச் சமாளிப்பது, அலுவலக வேலை, மருந்து மாத்திரை தொடர்பான அளவீடுகள். இப்போது ஒவ்வொரு வேலைக்கும் எதிரே போன் என்று எழுத முடியுமா பாருங்கள். பெரும்பாலும் முடியும். எழுத முடியாத வேலைக்கு மட்டும் இரண்டாவது கருவி.

லேப்டாப்பை எடுத்துக்கொள்வோமா என்ற தயக்கம்தான் எல்லோருக்கும் வருகிறது. நான் கேட்கும் கேள்வி இதுதான்: இந்தப் பயணத்தில் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு அதைத் திறக்கப் போகிறீர்கள்? தேதி சொல்ல முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்பது பதில் என்றால் வீட்டிலேயே இருக்கட்டும். ஒன்றரைக் கிலோ எடை, பெரிய சார்ஜர், விமான நிலையத்தில் தனித் தட்டில் எடுத்து வைக்கும் வேலை, அறையில் விட்டுப் போகும்போதெல்லாம் ஒரு பதற்றம். அலுவலக லேப்டாப் என்றால் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நிறுவனத்தின் அனுமதி வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டேப்லெட், குழந்தை இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் படங்களையும் பாட்டுகளையும் வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்து, இணையத்தை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நாக்பூர் தாண்டி சிக்னல் போனபிறகு தெரியவந்தால் பயனில்லை.

புத்தகம் படிப்பவர்களுக்கு மின்னூல் கருவியைத் தயங்காமல் சொல்வேன். கிண்டிலில் தமிழ் எழுத்துகள் நன்றாகவே தெரிகின்றன. ஒருமுறை சார்ஜ் போட்டால் பல நாள் வருகிறது. ரயில் இரவில் போனின் பேட்டரியைக் காப்பாற்றுவதும் அதுதான்.

கேமரா பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் மனம் விட்டுப் பிரிய மறுக்கும் பொருள் அது. பகல் வெளிச்சத்தில், ஆட்களையும் கட்டடங்களையும் எடுக்கும் வேலையை இன்றைய போன் செய்துவிடுகிறது. கேமரா தன் எடையை நியாயப்படுத்துவது மூன்று இடங்களில். ஒன்று, தூரத்துப் பொருள். வேடந்தாங்கலில் மரத்தின் உச்சியிலிருக்கும் கூழைக்கடாவைப் போனில் இழுத்தால் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். இரண்டு, வெளிச்சம் குறைந்த இடத்தில் அசையும் பொருள்: ஆரத்தி, கூத்து, திருவிழா. மூன்று, பெரிதாக அச்சிடப் போகும் படம். இந்த மூன்றில் ஒன்று உங்கள் பயணத்தில் இருந்தால் கேமராவை எடுங்கள், ஒரே ஒரு லென்சோடு. கடந்த மூன்று மாதத்தில் வீட்டில் ஒருமுறைகூடத் தொடாத கேமராவைப் பயணத்தில் தொடுவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. டிரைபாடை மூட்டை கட்டும் முன் யோசியுங்கள். தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களில் டிரைபாட் வைத்துப் படமெடுக்க முன்அனுமதி வேண்டும்.

ஹெட்போன் ஒன்று போதும். நீண்ட விமானப் பயணம் என்றால் ஒயர் உள்ள பழைய இயர்போனையும் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல விமானங்களில் இருக்கைத் திரைக்கு இன்னும் அந்தச் சின்ன உருண்டைப் பின்தான். ஸ்பீக்கர் வேண்டாம். ரயிலிலும் விடுதியிலும் அடுத்தவர் தூக்கம் நம் பாட்டைவிடப் பெரியது.

மூன்றாம் படி: போனை நம்புகிறவர் இரண்டாவது போன் வைத்திருக்க வேண்டும்

டிக்கெட், பணம், வரைபடம், அறை முன்பதிவு, குடும்பத்தினரின் எண்கள் என எல்லாம் ஒரே கண்ணாடித் துண்டுக்குள் இருக்கின்றன. அது விழுந்து உடைந்தால் என்ன செய்வோம் என்பதற்கு வீட்டிலிருக்கும்போதே பதில் வேண்டும். என்னைக் கேட்டால், டேப்லெட்டையும் ஸ்மார்ட் வாட்சையும் விட்டுவிட்டுக்கூட ஒரு பழைய போனை எடுத்துக்கொள்ளலாம். அலமாரியில் தூங்கும் முந்தைய போன் போதும். அதில் வாட்ஸ்அப், வரைபடம், டிக்கெட்டுகளின் படம் ஆகியவற்றை ஏற்றி, அணைத்து, வேறொருவர் பையில் வையுங்கள். இரண்டும் ஒரே பையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே தொலையும்.

யுபிஐ உங்கள் சிம்மோடு கட்டப்பட்டது. பழைய போனுக்குச் சிம்மை மாற்றினால் செயலியில் மறுபடி பதிவு செய்ய வேண்டும், அதற்கு எஸ்எம்எஸ் போக வேண்டும், டெபிட் கார்டு விவரம் கேட்கலாம். அதனால் டெபிட் கார்டு ஒன்றும், இரண்டு நாள் செலவுக்கான ரொக்கமும் தனியாக இருக்கட்டும். அம்மாவின் சுருக்குப்பை அன்று செய்த வேலை அதுதான்.

வெளிநாடு போகிறவர்கள் இந்திய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளூர் சிம் போட்டுக்கொள்வதைப் பார்க்கிறேன். வங்கியின் ஓடிபி வராமல் தவிப்பது அங்கேதான் தொடங்குகிறது. ரோமிங்கைக் கிளம்பும் முன்பே இயக்கிவிட்டு, இந்திய சிம்மை எஸ்எம்எஸ்ஸுக்காகப் போனிலேயே விட்டுவையுங்கள். டேட்டாவுக்கு இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) வாங்கிக்கொள்ளலாம். உங்கள் போன் இ-சிம்மை ஏற்குமா என்பதை அமைப்புகளில் இன்றே பாருங்கள். லடாக், ஜம்மு காஷ்மீர் போகிறவர்களுக்கு வேறு சிக்கல்: வெளி மாநில பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேலை செய்யும். குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்க வேண்டும்.

அப்புறம் ஸ்டார் ஹேஷ் பூஜ்ஜியம் ஆறு ஹேஷ் என்று அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, தாளில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸ் புகாரோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க அந்த எண் தேவை.

நான்காம் படி: பவர் பேங்க் கணக்கு

இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். இருபதாயிரம் எம்ஏஹெச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) பவர் பேங்க், ஐயாயிரம் எம்ஏஹெச் போனை நாலு முறை நிரப்பும் என்று நினைக்கிறோம். நிரப்பாது. அந்த இருபதாயிரம், உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கில் சொன்னது. வெளியே வரும்போது அது 5 வோல்ட்டாகவோ அதற்கு மேலோ மாறுகிறது. மாறும்போது கொஞ்சம் சூடாக வீணாகிறது. நடைமுறையில் ஏறக்குறைய அறுபது, அறுபத்தைந்து சதவீதம்தான் கைக்கு வரும். அதாவது இரண்டரை போன். பவர் பேங்கின் அடியில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று இன்னோர் எண் இருக்கும், அதுதான் உண்மை எண்.

இப்போது முதல் தாளுக்குத் திரும்புங்கள். சாக்கெட் இல்லாத நேரம் அதிகபட்சம் எவ்வளவு? ஓட்டலிலிருந்து காலையில் கிளம்பி இரவு திரும்புபவர் என்றால் ஆளுக்குப் பத்தாயிரம் எம்ஏஹெச் போதும், சட்டைப் பையில் அடங்கும். காசி ரயில் போல இரண்டு இரவு என்றால் குடும்பத்துக்கு இருபதாயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று. ஒரே பெரிதாக வாங்குவதைவிட இரண்டாக இருப்பது நல்லது. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு பிரிந்து போகலாம்.

விமானத்துக்கு வேறு அளவு இருக்கிறது: வாட்-மணி. எம்ஏஹெச்சை ஆயிரத்தால் வகுத்து 3.7ஆல் பெருக்கினால் கிடைக்கும். பத்தாயிரம் என்றால் 37, இருபதாயிரம் என்றால் 74. நூறு வாட்-மணிக்குள் இருந்தால் முன்அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் இருபத்தேழாயிரத்துக்குச் சற்று குறைவாக நிறைய பவர் பேங்குகள் விற்கின்றன. நூறிலிருந்து நூற்றறுபது வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கிடையாது. முப்பதாயிரம் எம்ஏஹெச் வாங்கிவிட்டு விமான நிலையத்தில் விட்டுவர வேண்டாம். எண் அழிந்துபோன பவர் பேங்கும் பாதுகாப்புச் சோதனையில் நிற்கும், ஏனென்றால் அதன் அளவு சோதிப்பவருக்குத் தெரியாது.

எந்த அளவாக இருந்தாலும் செக்-இன் பெட்டியில் பவர் பேங்க் போடக் கூடாது. கைப்பையில் மட்டுமே. தீப்பிடித்தால் சரக்கறையில் யாரும் பார்க்க முடியாது, கேபினில் பார்க்கலாம், அணைக்கலாம். 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் புசான் கிம்ஹே விமான நிலையத்தில் கிளம்பக் காத்திருந்த ஏர் புசான் விமானம் மேல் அடுக்கில் தொடங்கிய தீயில் எரிந்தது. பயணிகளும் ஊழியர்களும் எல்லோரும் வெளியேறிப் பிழைத்தார்கள். பவர் பேங்கிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்பது விசாரணையாளர்களின் முடிவு. அதன்பிறகு விதிகள் மளமளவென்று இறுகின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை விதித்தது. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான், அதுவும் நூறு வாட்-மணிக்குள், பறக்கும்போது பயன்படுத்தவும் கூடாது என்றது. உங்கள் விமான நிறுவனத்தின் பக்கத்தைக் கிளம்புவதற்கு முதல் நாள் ஒருமுறை படியுங்கள். விமானத்துக்குள் பவர் பேங்கை மேல் அடுக்கில் திணிக்காமல் இருக்கைக்கு முன்னால் உள்ள பையில், கண்ணில் படும்படி வையுங்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய பவர் பேங்கை மேசைமேல் வைத்துச் சுற்றிவிட்டுப் பாருங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் வயிறு உப்பியிருக்கிறது என்று பொருள். அதைப் பயணத்துக்கும் எடுக்காதீர்கள், வீட்டிலும் வைத்திருக்காதீர்கள். புதிது வாங்கினால் பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஐந்தாம் படி: ஒரே சார்ஜர், அளந்த கேபிள்கள்

கருவிகளைக் குறைத்தபிறகு சார்ஜர்களைக் குறைப்பது எளிது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் விற்கும் புதிய போன்களுக்கு டைப்-சி பின்னைக் கட்டாயமாக்கியது. ஐபோனும் 2023இல் 15ஆம் வரிசையிலிருந்து அதற்கு வந்துவிட்டது. அதனால் 65 வாட் சார்ஜர் ஒன்று, மூன்று துளைகளோடு இருந்தால், சாதாரண லேப்டாப்பும் இரண்டு போனும் அதிலேயே முடிந்துவிடும். எல்லாத் துளையிலும் செருகும்போது அந்த 65 வாட் பிரிந்து போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். லேப்டாப்பைத் தனியாக ஒரு மணி நேரம் போட்டுவிட்டுப் பிறகு போன்களைப் போடலாம்.

சில நிறுவனங்களின் அதிவேக சார்ஜிங், அந்த நிறுவனத்தின் சார்ஜரோடும் கேபிளோடும் மட்டும்தான் ஓடும். ஒன்பிளஸ், ஓப்போ வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். பொது சார்ஜரில் போட்டால் மெதுவாக ஏறும், கெடாது. இரவு முழுக்கப் போடப் போகிறீர்கள் என்றால் அது போதும். முப்பது நிமிட இடைவெளியில் ஓடும் பயணம் என்றால் சொந்த சார்ஜரையே எடுங்கள்.

கேபிள் விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. வெளியே ஒரே மாதிரி தெரியும் டைப்-சி கேபிள்கள் உள்ளே வேறு வேறு. சாதாரணமானது அறுபது வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் நூறு வாட் என்றோ 240 வாட் என்றோ எழுதியதாகப் பார்த்து வாங்க வேண்டும். ரயிலுக்கு இரண்டு மீட்டர் கேபிள் ஒன்று கட்டாயம். பவர் பேங்கோடு வைத்துக்கொள்ள ஒரு சாண் நீளத்தில் ஒன்று. இன்னும் பழைய மைக்ரோ யூஎஸ்பி பின் கேட்கும் கருவி ஏதாவது பையில் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த ஒரு கருவிக்காக ஒரு தனி கேபிள் வரப்போகிறது. பல நேரம் கருவியையே விட்டுவிடலாம் என்று தோன்றும்.

ஆறாம் படி: வெளிநாடு என்றால் வோல்ட்டும் பின்னும்

சார்ஜரைத் திருப்பி, 'இன்புட்' என்ற வரியைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் உலகத்தில் எங்கும் ஓடும். போன், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். 220-240 என்று மட்டும் இருந்தால் அந்தப் பொருள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உங்களுக்கு உதவாது.

அடாப்டர் என்பது பின்னின் வடிவத்தை மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இது தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். நம் ஊர் கெட்டிலை ஜப்பானின் 100 வோல்ட்டில் செருகினால் அதன் சூடு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். காபிக்குத் தண்ணீர் கொதிக்க ஒரு யுகம் ஆகும். மகன் வீட்டுக்கு அமெரிக்கா போகும் பெற்றோர் சட்னிக்காக மிக்சியைப் பெட்டியில் வைப்பது வழக்கம். அங்கே 120 வோல்ட். நம் மிக்சி அதில் முக்கி முனகும், மாவு அரையாது. 110 வோல்ட்டுக்கென்றே செய்த மிக்சிகள் நம் ஊரிலும் கிடைக்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள். அங்கிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கு எதிர்ப்பக்க ஆபத்து: அமெரிக்காவில் வாங்கிய ஹேர் டிரையரையும், சர்ஜ் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும், தீப்பிடிக்கவும் செய்யலாம். அவற்றைப் பயணப் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள்.

பின்னைப் பொறுத்தவரை, சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் நான்கிலும் ஒரே சதுரமான மூன்று பின். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தட்டையான இரண்டு பின். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் நம் இரண்டு பின் போன் சார்ஜர் அப்படியே பொருந்தும், மூன்று பின் பொருந்தாது. இலங்கையில் பழைய வீடுகளில் நம்முடையதைப் போன்ற உருண்டை மூன்று பின்னும், புதிய கட்டடங்களில் சதுரப் பின்னும் இருக்கும். குடும்பமாகப் போகும்போது நான் நாலு அடாப்டர் வாங்குவதில்லை. ஓர் அடாப்டரும், நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றும். அதில் போன், கேமரா சார்ஜர்கள் மட்டும். அயர்ன் பாக்ஸை அதில் செருகக் கூடாது.

ஏழாம் படி: பெரியவர்கள் கூட வந்தால் அவர்களுடையதை முதலில் வையுங்கள்

சர்க்கரை பார்க்கும் கருவி, பிபி கருவி, காது கேட்கும் கருவி, தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபேப். இவை எதுவும் செக்-இன் பெட்டிக்குப் போகக் கூடாது. பெட்டி தாமதமானால் மற்றவர்களுக்குத் துணிதான் இல்லாமல் போகும், இவர்களுக்கு அன்றைய இரவே சிக்கல். குளுக்கோமீட்டர் பட்டைகள் காரின் வெயிலில் கெடும், அதனால் நிழலாக வையுங்கள். காதுக் கருவிக்குச் சின்ன பேட்டரியா, சார்ஜ் பெட்டியா என்று பார்த்து, பேட்டரி என்றால் இரண்டு அட்டை கூடுதலாக வாங்குங்கள். அந்த எண்ணுள்ள பேட்டரி எல்லா ஊர்க் கடையிலும் இருக்காது. சிபேப் கருவியைப் பல விமான நிறுவனங்கள் கைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மருத்துவர் கடிதம் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அறையில் ஒரே சாக்கெட் இருந்தால் அது சிபேப்புக்கு, போனுக்கு இல்லை.

எட்டாம் படி: போகும் இடம் எதை உள்ளே விடாது?

கோயில் பயணம் என்றால் இதை முதலில் பாருங்கள். திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசிகளைத் தடை செய்ய உத்தரவிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் திருமலையிலும் போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். காசி விசுவநாதர் கோயிலிலும் அப்படியே, ஸ்மார்ட் வாட்சையும் கழற்றச் சொல்வார்கள். வரிசையில் பல மணி நேரம் போன் இல்லாமல் நிற்கப் போகிறோம் என்பதை வைத்துத் திட்டமிடுங்கள். எங்கே சந்திப்பது என்று ஓர் இடம் பேசி வையுங்கள். பெரியவர்கள், குழந்தைகள் சட்டைப் பையில் குடும்பத்தினரின் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். கருவிகள் எவ்வளவு குறைவோ, ஒப்படைக்கும் இடத்தில் அவ்வளவு நிம்மதி.

டிரோனுக்கு எல்லாப் பயணத்திலும் வேண்டாம் என்றே சொல்வேன். இந்தியாவில் எல்லை ஓரம், விமான நிலையம், முக்கியக் கோயில்கள் எல்லாம் தடைப் பகுதிகள். பல நாடுகளில் உள்ளே கொண்டுவரவே அனுமதி வேண்டும். சாட்டிலைட் போனையும், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் மலையேற்றக் கருவியையும் அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள், பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். இ-சிகரெட் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் தடை. ரயிலில் மின்கெட்டில் போடக் கூடாது.

ஒன்பதாம் படி: ஒரு நாள் ஒத்திகை, பிறகு எண்ணிக்கை

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, எடுத்துப் போகப்போகும் சார்ஜரையும் கேபிள்களையும் மட்டும் வைத்து வீட்டில் ஒருநாள் ஓட்டுங்கள். மற்ற சார்ஜர்களை அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். எந்த கேபிள் தளர்ந்திருக்கிறது, எதற்குப் பின் பொருந்தவில்லை என்பது அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். படங்களை இன்னோர் இடத்தில் நகல் எடுத்து போனில் இடம் ஒழியுங்கள். விமானத்துக்கு முன் எல்லாக் கருவிகளும் சார்ஜோடு இருக்கட்டும். அமெரிக்கா போகும் விமானங்களில் கருவியை இயக்கிக் காட்டச் சொல்லலாம், இயங்காததை ஏற்ற மறுக்கலாம். விலை உயர்ந்த கேமராவோ புது லேப்டாப்போ எடுத்துப் போகிறவர்கள் புறப்படும் விமான நிலையத்தின் சுங்கப் பிரிவில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கி வைத்தால், திரும்பும்போது அங்கே வாங்கியதா என்ற கேள்விக்கு பதில் கையில் இருக்கும்.

கடைசியாகக் காசிக்குப் போனபோது நாங்கள் மூன்று பேர் எடுத்துப் போனவை:

- போன் மூன்று, அணைத்து வைத்த பழைய போன் ஒன்று
- ஆரத்திக்காகக் கேமரா, ஒரு லென்ஸ், கூடுதல் பேட்டரி ஒன்று
- அம்மாவின் குளுக்கோமீட்டர்
- பவர் பேங்க் இரண்டு
- மூன்று துளை சார்ஜர் ஒன்று, கேமரா சார்ஜர் ஒன்று
- கேபிள் நான்கு, அதில் ஒன்று இரண்டு மீட்டர்

மொத்தம் பதினாறு உருப்படி. பழைய போன் மட்டும் வேறொருவர் பையில், மற்றதெல்லாம் ஜிப் வைத்த ஒரே துணிப்பையில். அதன் உள்பக்கம் 16 என்று எழுதி ஒட்டியிருந்தேன். ஒவ்வோர் அறையைக் காலி செய்யும்போதும் கட்டில் மேல் பரப்பி, அம்மா சத்தமாக எண்ணுவார். பிரயாக்ராஜில் (பழைய அலகாபாத்) பதினைந்து வந்தது. கட்டிலுக்குப் பின்னால், சுவரோரச் சாக்கெட்டில் கேமரா சார்ஜர் பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது.